கடைசி பெஞ்சில் பொதுமக்கள்

எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் வாசலுக்கு நேர் எதிரே நாற்பத்தாறு வருடமாகப் பூக்கடை வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைப் பார்த்ததில்லை; நானும் அதைத் தேடிப் போனதில்லை. சைக்கிள் கூடையில் கார்னேஷன் விற்று ஆரம்பித்தவன், இன்று மூன்று கடைகளுக்கு முதலாளி. பட்டம் வாங்கும் பிள்ளைகள் தலையில் சூடிக்கொள்ளும் லாரல் இலை வளையம் இந்த ஊரில் என் கையால் கட்டினால்தான் உதிராமல் நிற்கும். நான் சொல்லவில்லை, ஊரே சொல்கிறது. குத்துமதிப்பாக இருபதாயிரம் தலைகளுக்காவது முடி சூட்டியிருப்பேன். எந்தப் போப்பாண்டவரும் அத்தனை பேருக்குச் சூட்டியிருக்க மாட்டார்.

பட்டம் வாங்குவதற்கு முன்னால் லாரல் இலை மேலே பட்டுவிட்டால் பட்டமே கிடைக்காது என்று பிள்ளைகளுக்கு ஒரு பயம். என் கடை நெருங்கும்போது எதிர் ஓரத்துக்குத் தாவிவிடுவார்கள். நாளைக்குப் பாலம் கட்டப் போகிறவன், கணக்கில் புலி, லாரல் கிளைகள் நிற்கும் என் வாளியைப் பார்த்ததும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போவான். நானும் சும்மா இருக்க மாட்டேன். ஒரு கிளையை எடுத்து, "வாப்பா, மூக்குல தடவி விடறேன்" என்று நீட்டுவேன். ஓடுவான் பாருங்கள்.

இந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் படித்தவர்கள் எழுதினால் எழுநூறு வருடம் என்று தொடங்குவார்கள். சுவர் முழுக்கத் தீட்டியிருக்கும் குலச் சின்னங்கள், மாணவர்களே ஆசிரியர்களை வேலைக்கு வைத்த காலம், பாடத்துக்குத் தாமதமாக வந்த ஆசிரியருக்கு மாணவர்கள் அபராதம் போட்ட கதை, எல்லாம் வரும். அவையெல்லாம் உண்மைதான், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கல் வளைவுக்கு உள்ளே நான் தொப்பியைக் கழற்றி வணங்கியது ஒரே ஒருவருக்குத்தான். அவர் பேராசிரியர் இல்லை. நீரியல் துறையின் அட்டெண்டர், எலீஜோ மராங்கோன்.

எலீஜோ, போ என்னும் பெரிய ஆற்றின் கழிமுகத்துக்காரர். ஐம்பத்தொன்றாம் வருடம் நவம்பர் வெள்ளத்தில் வீடு, மாடு, சோளக் குதிர் எல்லாம் போய், இருபத்தைந்து வயதில் ஒரு ராணுவ லாரியின் பின்னால் நின்றுகொண்டு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். கையில் இருந்தது ஒரு ரஜாய்ப் போர்வை, ஒரு சுவர்க் கடிகாரம். கடிகாரம் ஓடவில்லை. அடுத்த வருடமே பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. தண்ணீரில் எல்லாவற்றையும் தொலைத்தவனுக்குத் தண்ணீரைப் படிக்கிற துறையிலேயே வேலை. "நான் அதை விட்டு ஓடி வந்தேன், அது எனக்குச் சம்பளம் குடுக்குது" என்பார்.

அவர் படிப்பு ஐந்தாம் வகுப்பு. என்னைவிட இரண்டு வகுப்பு அதிகம். அந்த ஒரு விஷயத்தில் அவர் என்னை ஜெயித்தது நிஜம். காலை எட்டு மணிக்கு அரங்கத்தைத் திறப்பது, சுண்ணாம்புக்கட்டி வைப்பது, வாளியில் தண்ணீரும் ஸ்பாஞ்சுமாக நின்று கரும்பலகையைத் துடைப்பது, நிலவறையில் சோதனைக்காக வைத்திருந்த கண்ணாடி வாய்க்காலில் தண்ணீர் ஓடவிடுவது: இவ்வளவுதான் வேலை. எங்கள் பல்கலைக்கழகத்தில் பத்து மணி வகுப்பு என்றால் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும், அது பழைய வழக்கம். பத்தேகால் தாண்டி ஒரு நிமிடம் ஆனால் எலீஜோ ஆசிரியர் அறையின் வாசலில் போய் நிற்பார். "ப்ரொபசர், கால் மணி முடிஞ்சுது." அவ்வளவுதான் சொல்வார். காப்பிக் கோப்பை பாதியில் நிற்கும்.

கடைசி பெஞ்சு விஷயம் அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் ஆரம்பித்தது.

எங்கள் நாட்டில் தேர்வு என்றால் வாயால்தான். மாணவன் போய்ப் பேராசிரியர் எதிரே உட்கார வேண்டும், கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், பலகையில் போட்டுக் காட்ட வேண்டும். முப்பதுக்கு மதிப்பெண், பதினெட்டு வந்தால் தேர்ச்சி. பேராசிரியர் எண்ணைச் சொல்லி, "ஏத்துக்கறீங்களா?" என்று கேட்பார். பிடிக்கவில்லை என்றால் "வேணாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தவணைக்கு வரலாம். பிடித்தால் மதிப்பெண் புத்தகத்தில் அங்கேயே கையெழுத்து. அந்தக் கோடையில் ஒரு மாணவன் அழுதுகொண்டே வெளியே வந்தான். என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, மூஞ்சியைப் பார்த்ததுமே போகச் சொல்லிவிட்டார் என்றான். உள்ளே இருந்த பேராசிரியரோ, மூன்று கேள்வி கேட்டேன், வாயே திறக்கவில்லை என்றார். அறையில் வேறு யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது.

எலீஜோ நேரே அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த அம்மாளிடம் கேட்டார், "தேர்வுக்கு விதின்னு ஏதாச்சும் இருக்கா அம்மா?"

"ஏன் இல்லாம? தேர்வு பொதுமக்கள் முன்னிலையில நடக்கணும். யாரு வேணாலும் உக்காந்து கேக்கலாம்."

"அப்ப பொதுமக்கள் எங்க?"

"அவங்க எங்க வருவாங்க? யாருக்கு வேலையில்ல?"

"எனக்குக் கொஞ்ச நேரம் இருக்கு" என்றாராம் எலீஜோ.

அன்றிலிருந்து நீரியல் துறையில் எந்தத் தேர்வும் சாத்திய கதவுக்குள் நடக்கவில்லை. கதவைத் திறந்து, அது ஆடாமல் இருக்க ஒரு செங்கல்லை வைப்பார். மற்ற மாணவர்கள் உட்கார்ந்து கேட்டால் வெளியே நிற்பார். எல்லோரும் போய் ஒருவன் மட்டும் மிஞ்சிவிட்டால், தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார். பேசுவதில்லை, சிரிப்பதில்லை, தலையாட்டுவதில்லை. தூங்குவதும் இல்லை, ஜூலை மாத மத்தியானத்தில் திரவ இயக்கக் கணக்கு கேட்டுக்கொண்டு தூங்காமல் இருப்பது என்னால் ஆகாத காரியம், என்னால் ஆகாத காரியங்கள் மிகக் குறைவு.

அவர் மனைவி நெரீனா என் கடைக்கு வந்து புலம்புவாள். "வீட்டுல ரேடியோ மாதிரி பேசறாரு அமெதேயோ. உப்பு கம்மின்னா அரை மணி நேரம். அங்க மட்டும் வாயில என்ன வச்சுக்கறாரு?"

பேராசிரியர்களுக்கு முதலில் பிடிக்கவில்லை. முக்கியமாக கவாத்ஸானாவுக்கு. எத்தோரே கவாத்ஸானா ஆறுகளின் கரை பற்றி ஐரோப்பாவே கேட்கும் ஆள். எலும்பும் தோலுமாக உயரமாக இருப்பார். தப்பாகப் பதில் சொன்னவனை ஒரு வார்த்தை திட்ட மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அதற்குத் திட்டே மேல் என்பார்கள். அவர் ஒருநாள் கேட்டார்:

"மராங்கோன், இங்க என்ன பண்றீங்க?"

"தேர்வு பாக்கறேன், ப்ரொபசர்."

"ஏதாவது புரியுதா?"

"ஒரு எழவும் புரியல."

"பின்ன எதுக்கு?"

"விதியில பொதுமக்கள் வேணும்னு இருக்கு. புரியணும்னு இல்லை."

கவாத்ஸானா மாணவன் பக்கம் திரும்பிக்கொண்டார். என்ன சொன்னாலும் அவர் விதிக்குக் கட்டுப்பட்டவர். வருடங்கள் போகப் போக, பெஞ்சில் எலீஜோ உட்காரும் சத்தம் கேட்டபிறகுதான் முதல் கேள்வியே கேட்பார் என்று ஆகிவிட்டது. பிள்ளைகள் என்னிடம் சொல்வார்கள், "பின்னாடி அவர் இருக்காருன்னா மூச்சு விட முடியுது, சின்யோர் அமெதேயோ. எதுவும் செய்ய மாட்டாரு. ஆனா இருக்காரு." முப்பத்தொரு வருடம் இப்படியே போயிற்று. அந்த முப்பத்தொரு வருடத்தில் பொதுமக்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எண்பத்து மூன்றாம் வருட ஜூலையில் பேசினார்கள். அதை எனக்குச் சொன்னவர்கள் மூன்று பேர்: எலீஜோ, அந்தப் பெண், பேராசிரியரின் உதவியாளர். மூவர் சொன்னதும் ஒத்துப்போயிற்று, ஆகவே தைரியமாக எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் பெயர் ஓரியெத்தா த்ஸனெல்லாத்தோ. அவளும் கழிமுகத்துப் பக்கம்தான். அப்பா விலாங்கு மீன் பிடிப்பவர். அந்தப் பக்கத்திலிருந்து பொறியியல் படிக்க வந்த முதல் பெண் என்று அவள் ஊர்ப் பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னாராம். கன்னிகாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் தங்கி, காலையில் அங்கேயே சமையல்கட்டில் வேலை செய்து, அப்புறம்தான் வகுப்புக்கு வருவாள். கையில் எப்போதும் வெங்காய வாசனை. கழிமுகத்துக் கரைகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. ஒரே நிபந்தனை: ஜூலை முடிவதற்குள் பட்டம். எல்லாத் தேர்வும் முடிந்து, ஆய்வேடும் எழுதி முடித்து, பாக்கி நின்றது கவாத்ஸானாவின் தேர்வு ஒன்றுதான். அதுவும் ஜூலையின் கடைசித் தவணை. தவறினால் அடுத்தது அக்டோபர். அக்டோபரில் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

அவள் பெயர் பட்டியலில் கடைசி. மாலை ஆறு மணி. வெயில் இன்னும் ஓட்டின்மேல் காய்ந்துகொண்டிருந்தது. முன்னால் முடித்தவர்கள் எல்லாம் கொண்டாடவோ அழவோ மதுக்கடைக்குப் போய்விட்டார்கள். எலீஜோ வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

முதல் இரண்டு கேள்விக்கு நன்றாகவே சொன்னாள். மூன்றாவதாகக் கவாத்ஸானா கேட்டார்: "ஆறு நிரம்பி ஓடுது. கரை உடையல, வழியவும் இல்ல. ஆனா கரைக்கு இந்தப் பக்கம், வயல்ல, தரையிலேர்ந்து தண்ணி குமிழி விட்டு வருது. கூடவே மணலும் வருது. என்ன செய்வீங்க? ஏன்?"

அதைக் கேட்டதும் எலீஜோவின் முதுகு நிமிர்ந்தது. முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாகக் கேள்வி அவருக்குப் புரிந்தது.

ஓரியெத்தா பலகையில் கரையை வரைந்தாள், கரைக்கு அடியில் மணல் படுகையை வரைந்தாள், தண்ணீர் அடியால் நுழைந்து இந்தப் பக்கம் கொப்பளிக்கும் ஊற்றை வரைந்தாள். அந்த நேரம் அலுவலக அம்மாள் வாசலில் வந்து நின்றாள். "ப்ரொபசர், மந்திரி ஆபீஸ்லேர்ந்து போன். காத்துக்கிட்டிருக்காங்க." உதவியாளர் ஏற்கெனவே காப்பி குடிக்கப் போயிருந்தார். கவாத்ஸானா எழுந்து, "நீங்க போட்டு முடிங்க, வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டே எழுதினாள். பேச்சு எலீஜோவுக்குக் கேட்டது. ஊற்றின் வாயை அடைக்கக் கூடாது என்றாள். சுற்றிலும் மணல் மூட்டைகளைக் கிணற்றுச் சுவர் மாதிரி அடுக்க வேண்டும். உள்ளே தண்ணீர் ஏறி நிற்கும். நிற்கிற தண்ணீரின் கனமே கீழிருந்து வரும் வேகத்தைக் குறைக்கும். அப்புறம் மணல் வராது, தெளிந்த தண்ணீர் மட்டும் கசியும். கீழே கணக்கு எழுதி, கடைசி வரியைச் சுற்றிக் கட்டம் போட்டாள். சுண்ணாம்புக்கட்டியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்க் காற்று வாங்கினாள்.

எலீஜோ பிறகு என்னிடம் சொன்னது இது: "ஐம்பத்தொண்ணுல எங்க வாய்க்கால் கரையில அந்த மாதிரி ஒரு ஊத்து வந்துதுடா அமெதேயோ. நானும் எங்க அண்ணனும் அது வாய் மேலயே மூட்டை மூட்டையாப் போட்டோம். அம்மாவோட மெத்தையையும் போட்டு மிதிச்சோம். நின்னுடுச்சு. கை தட்டினோம். அரை மணி நேரத்துல பத்தடி தள்ளிக் கரையே எழும்பிப் போச்சு. முப்பத்தொரு வருஷமா எங்க கை பத்தலைன்னு நெனச்சிருந்தேன். அந்தப் பொண்ணு சொல்லித்தான் தெரியுது, நாங்க போட்ட மூட்டைதான் தப்புன்னு."

அந்த நினைப்பில் இருந்தவருக்கு, சுண்ணாம்புக்கட்டி பலகை விளிம்பில் 'டக்' என்று வைக்கப்பட்ட சத்தம் மட்டும் காதில் விழுந்தது. முப்பத்தொரு வருடமாக அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம். உடம்பு தானாக எழுந்தது. ஸ்பாஞ்சைப் பிழிந்தது. மேலிருந்து கீழாக நாலே இழுப்பு. அவரைப்போல் பலகை துடைக்க இந்த நாட்டில் ஆள் கிடையாது; ஒரு கோடு மிச்சம் வைக்க மாட்டார்.

ஈரப் பலகை பளபளத்தது. ஜன்னலிலிருந்து திரும்பிய ஓரியெத்தா அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் கையில் ஸ்பாஞ்சு சொட்டிக்கொண்டிருந்தது.

"சின்யோர் மராங்கோன்..." என்றாள்.

நடைபாதையில் கவாத்ஸானாவின் செருப்புச் சத்தம். "போய் உக்காருங்க" என்று அவள் ரகசியமாகச் சொன்னாள். "உங்க வேலைக்கு வெனையாயிடும். உக்காருங்க!"

எலீஜோ கால் போன போக்கில் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். அது தன் வாழ்நாளின் வெட்கம் என்பார்.

கவாத்ஸானா வந்தார். போனில் நல்ல சேதி வரவில்லை போலிருக்கிறது. பலகையைப் பார்த்தார்.

"எங்க?"

"திரும்ப எழுதறேன் ப்ரொபசர்."

"நான் போகும்போது படம் இருந்தது. அதுவும் இல்ல."

"அழிஞ்சுடுச்சு."

"அழிஞ்சுடுச்சா, அழிச்சீங்களா?"

அவள் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்க்கவில்லை. கவாத்ஸானா கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையை எடுத்தார்.

"சின்யொரீனா, சரியாப் போட்டவங்க யாரும் அதைத் துடைக்க மாட்டாங்க. தப்புன்னு தெரிஞ்சாத்தான் துடைப்பாங்க. நேரம் எடுத்துக்கிட்டு அக்டோபர்ல வாங்க."

மதிப்பெண் புத்தகத்தை மூடி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதை எடுக்கக் கையை நீட்டினாள்.

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது.

"நான் துடைச்சேன்" என்றார் எலீஜோ.

கவாத்ஸானா தலையைத் திருப்பாமலே, "மராங்கோன், பொதுமக்கள் தேர்வுல பேசக் கூடாது" என்றார்.

"பொதுமக்கள் பேசல ப்ரொபசர். பலகை துடைக்கறவன் பேசறான். அந்தப் பொண்ணு எழுதி முடிச்சுது. நான் பழக்க தோஷத்துல துடைச்சுட்டேன். என்னை என்ன வேணா பண்ணுங்க."

"முப்பது வருஷமா ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னாடி உக்காந்திருக்கீங்க. எல்லாத்தையும் சொந்தப் பிள்ளையா நெனைக்கறவரு. இவளைக் காப்பாத்த ஒரு பொய் சொல்ல மாட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

"நம்ப வேணாம். கேளுங்க."

எலீஜோ நடந்து வந்து சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். எத்தனை ஆயிரம் தடவை அதை எடுத்து வைத்த கை. எழுத எடுத்தது அன்றுதான். கோணலாக ஒரு கரை வரைந்தார். ஆறு. மணல். ஊற்று. ஊற்றைச் சுற்றி ரொட்டி ரொட்டியாக மூட்டைகள்.

"இதான் இருந்துது. இதுக்குக் கீழ எழுத்தும் கோடுமா ஏழு வரி. அது எனக்குத் தெரியாது. கடைசி வரிக்குக் கட்டம் போட்டிருந்துது."

கவாத்ஸானா எழுந்து பலகைக்குக் கிட்டே வந்தார். "மூட்டையை ஏன் சுத்தி வச்சிருக்கீங்க? ஊத்து வாய்மேல வைக்கலாமே?"

"வச்சோம் ப்ரொபசர். மெத்தை கூட வச்சோம். தண்ணி பத்தடி தள்ளி வேற வழி பாத்துக்கிச்சு. சுத்திக் கட்டினா உள்ள ஏறி நிக்கற தண்ணியே கீழ வர தண்ணியை அமுக்கும். மண்ணு போகாது. மண்ணு போகலைன்னா கரை போகாது."

"இது எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"இப்பதான். ஒரு கால் மணி ஆச்சு."

"யாரு சொன்னா?"

எலீஜோ ஓரியெத்தாவைக் கைகாட்டினார்.

காப்பி குடித்துவிட்டு வந்த உதவியாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். அட்டெண்டர் கையில் சுண்ணாம்புக்கட்டி, பேராசிரியர் கேள்வி கேட்கிறார், மாணவி ஓரமாக நிற்கிறாள், யாருக்குத் தேர்வு என்றே தனக்குப் புரியவில்லை என்றார் என்னிடம்.

"சின்யொரீனா, அந்த ஏழு வரி."

அவள் எழுதினாள். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. கட்டம் போட்டாள்.

"எட்டு இருக்கு" என்றார் கவாத்ஸானா.

"முதல் தடவை ரெண்டு வரியை ஒண்ணா எழுதிட்டேன் ப்ரொபசர்."

பேராசிரியர் கண்ணாடியைத் துடைக்காமலே மாட்டிக்கொண்டார். "இருபத்தொன்பது. ஏத்துக்கறீங்களா?"

ஓரியெத்தாவுக்கு அப்போது நாக்கில் சனி உட்கார்ந்தது. விலாங்குக்காரன் மகள் அல்லவா, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது: "முப்பதுக்கு என்ன குறைச்சல்?"

எலீஜோ கண்ணை மூடிக்கொண்டார். இருபத்தொன்பதை வேண்டாம் என்று சொல்லிப் போன எத்தனையோ வீம்புக்காரப் பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார்.

"படத்தை வேற ஒருத்தர் வரைஞ்சாரே" என்றார் கவாத்ஸானா. "அதுக்கு ஒண்ணு கழிச்சேன்."

"ஏத்துக்கறேன்" என்றாள். கையெழுத்து விழுந்தது. மாதக் கடைசிக்கு மூன்று நாள் முன்னால் அவள் தலைக்கு நான் கட்டிய வளையத்தில் சிவப்பு ரிப்பனை இரட்டையாக முடிந்தேன். ஆகஸ்டில் கரை அலுவலகத்தில் சேர்ந்தாள். இப்போது அங்கே அவள்தான் தலைமைப் பொறியாளர்.

ஆனால் எலீஜோவின் கதை அதோடு முடியவில்லை.

மறுநாள் காலை கவாத்ஸானா தன்னுடைய வேறொரு பாடத்துக்குத் தேர்வு வைத்திருந்தார், பழைய பாக்கிக்காரன் ஒருவனுக்கு. எலீஜோ கதவைத் திறந்தார், செங்கல்லை வைத்தார், தண்ணீர் பிடித்து வைத்தார். உள்ளே வரவில்லை. பேராசிரியர் காத்திருந்து காத்திருந்து வெளியே எட்டிப் பார்த்தார்.

"என்ன மராங்கோன், ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பிங்க ப்ரொபசர்."

"பெஞ்சு காலியா இருக்கே."

"நான் பேசிட்டேன். பேசினவன் பொதுமக்கள் இல்ல. எனக்கு இனிமே அங்க உக்கார யோக்கியதை கெடையாது."

"இதெல்லாம் எந்த விதியில இருக்கு?"

"என்னோடதுல."

"பொதுமக்கள் இல்லாம நான் நடத்த மாட்டேன்."

"ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு எலீஜோ தெருவைத் தாண்டி நேரே என் கடைக்கு வந்தார். நான் கிளாடியோலஸ் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"யோவ், கத்திரியை வை. வா."

"எங்க?"

"பல்கலைக்கழகத்துக்கு. உக்காரணும். பேசக் கூடாது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் வகுப்பு தாண்டாதவனைப் பல்கலைக்கழகம் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறது! ஏப்ரனைக் கழற்றி, தலையை வாரிக்கொண்டு போனேன். கடைசி பெஞ்சில் அகலமாக உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருடம் ஒருவன் செய்ததை நான் ஒரு மணி நேரம் செய்ய மாட்டேனா? வியாபாரத்தில் எத்தனை பேரிடம் வாயைக் கட்டியிருக்கிறேன்!

கவாத்ஸானா கேட்டார். பையன் சொன்னான். நடுவில் திணறினான். எனக்கு வேர்த்தது. அவன் தப்பு செய்யும்போது என் கால் தானாக ஆடியது, சரியாகச் சொன்னால் மூச்சு வந்தது. புரியாத ஒன்றுக்கு இப்படி ஆடுவேன் என்று நான் நினைக்கவில்லை. அரை மணி நேரம் போயிருக்கும்.

"இருபத்திரண்டு. ஏத்துக்கறீங்களா?" என்றார் பேராசிரியர்.

பையன் உதட்டைப் பிதுக்கினான். "வேணாம் ப்ரொபசர், இன்னொரு தடவை..."

"எடுத்துக்கடா மடையா!" என்று நான் கத்திவிட்டேன். "அஞ்சாவது தடவைடா இது! உங்கப்பன் எத்தனை நாளா வளையத்துக்குச் சொல்லி வச்சிருக்கான் தெரியுமா?"

பையன் வாயைப் பிளந்து என்னையே பார்த்தான். நான் நின்றுகொண்டிருந்தேன், எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

கவாத்ஸானா கண்ணாடியைக் கழற்றினார். அதைத் துடைத்துக்கொண்டே வாசலைப் பார்த்து, உரக்கச் சொன்னார்:

"மராங்கோன்! இந்த ஆளை வெளிய கூட்டிட்டுப் போங்க. பழைய பொதுமக்களையே அனுப்புங்க."

எலீஜோ வந்தார். என் முழங்கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டார். "முப்பத்தஞ்சு நிமிஷம்" என்றார் என் காதில், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். பெஞ்சு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. கவாத்ஸானா பையனிடம் அதே கேள்வியை மறுபடி கேட்டார்:

"இருபத்திரண்டு. ஏத்துக்கறீங்களா?"